பக்கவாதத்துக்கு எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: பக்கவாதம் வந்து ஐந்து மாதங்களாகியும் என் அப்பாவின் வலது கை சரியாகவில்லை. மூளையில் உள்ள ஒரு கீமோகைன் ஏற்பியைத் தடுத்தால் குணமாகும் என்றும், அதற்கு எச்.ஐ.வி. மாத்திரை ஒன்று உதவும் என்றும் படித்தேன். வாங்கிக் கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: மருத்துவர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆனால், நீங்கள் படித்தது வெறும் வதந்தியும் அல்ல.

கீமோகைன்கள் என்பவை நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு வழிகாட்டும் சிறு புரதங்கள். நம் உடலில் ஏறத்தாழ 50 வகைகள் உள்ளன. மூளையில் இவற்றின் பணி இன்னும் விரிவானது. கருவில் நரம்பணுக்கள் தமக்குரிய இடத்தைச் சென்றடையவும், வளர்ந்த மூளையில் காவல் அணுக்களான மைக்ரோகிளியா அளவு மீறிச் சீறாமல் இருக்கவும் இவை தேவைப்படுகின்றன.

கீமோகைன் வந்து ஒட்டிக்கொள்ள அணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதமே ஏற்பி. நீங்கள் குறிப்பிடும் ஏற்பியின் பெயர் சிசிஆர்5. எச்.ஐ.வி. கிருமி நம் உடல் அணுக்களுக்குள் நுழைய இதைப் பயன்படுத்துகிறது என்பது 1996இல் தெரியவந்தது. இதைத் தடுக்கும் மராவிராக் என்ற மருந்துக்கு 2007இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. பக்கவாதத்துக்குப் பின் நரம்பணுக்களில் இந்த ஏற்பி கூடுகிறது என்றும், அதைக் குறைத்தாலோ மராவிராக் கொடுத்தாலோ சுண்டெலிகளின் கால் அசைவு நன்கு மீள்கிறது என்றும் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2019இல் காட்டியது. பிறவியிலேயே இந்த ஏற்பி குறைவாக உள்ள மரபணு மாற்றத்தைக் கொண்ட இஸ்ரேலிய நோயாளிகள், பக்கவாதத்திலிருந்து மற்றவர்களைவிட நன்றாகத் தேறியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. நம்பிக்கை தரும் செய்திதான். எனினும், மரபணு மாற்றத்தோடு பிறந்தவர் தேறினார் என்பதும், பிற்காலத்தில் மாத்திரை விழுங்கியவர் தேறுவார் என்பதும் ஒன்றல்ல.

மேலும், சிசிஆர்5 உடலுக்கு வேண்டாத ஒன்று அல்ல. கொசுக்கள் பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் மூளையைத் தாக்கும்போது நோய் எதிர்ப்பு அணுக்களை அங்கே அழைத்து வருவதில் அதற்குப் பங்குண்டு. அது இல்லாதவர்களுக்கு அந்நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். மராவிராக் கல்லீரலைப் பாதிக்கலாம். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தலாம். ஒரு பக்கம் பலவீனமாக உள்ளவர் அப்படித் தள்ளாடி விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். சில வலிப்பு மருந்துகளோடு சேர்ந்தால், உடலில் இதன் அளவும் மாறிவிடும்.

அப்பாவின் கைப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஐந்து மாதங்களுக்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு. அவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலுடன் நரம்பியல் மருத்துவரைச் சந்தித்து, இம்மருந்தைப் பரிசோதிக்கும் மருத்துவ ஆய்வு எதிலாவது அவரைச் சேர்க்க இயலுமா என்று கேளுங்கள்.