படிப்புச் சோர்வு உடம்பையும் படுத்துமா?

கேள்வி: மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஓயாத தலைவலி, நெஞ்செரிச்சல், அடிக்கடி சளி. மாதவிடாயும் தள்ளிப்போகிறது. படிப்புச் சுமைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். ஆனாலும் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். ரத்தசோகையைச் சோர்வு என்று தள்ளிவிடக் கூடாது. நீடித்த மன அழுத்தத்தில் மூளையிலுள்ள ஹைபோதாலமஸ் என்ற பகுதி மாதவிடாய்ச் சுழற்சிக்கான சமிக்ஞையைக் குறைக்கும். தூக்கம் கெட்டால் நோய் எதிர்ப்பும் சரியும். தலைவலிக்குக் கழுத்தைக் கவனியுங்கள். மணிக்கணக்கில் குனிந்து படித்தால் பிடரித் தசை இறுகி, வலி நெற்றிவரை பட்டைபோல் இறுக்கும். 40 நிமிடத்துக்கொரு முறை எழுந்து தோள்களைச் சுழற்றுங்கள். காபியிலுள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரமாகும். பிற்பகல் 2 மணிக்குமேல் காபி வேண்டாம். ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை வெறும்வயிற்றில் போடாதீர்கள், நெஞ்செரிச்சல் கூடும். 7 மணி நேரம் தூங்குங்கள். மாதவிடாய் 3 மாதம் நின்றால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.