கொசுவுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: வாசகர் கேள்வி-பதில்

கே: கொசுவை ஒழிக்கச் சொன்னால், வளர்த்து ஊருக்குள் விடுகிறார்களே! இது என்ன கூத்து?

ப: கேட்க அப்படித்தான் இருக்கும். ஆனால் கொசு கடித்தால் அரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஆளைப் படுக்க வைப்பது அதன் எச்சிலோடு உடம்பில் இறங்கும் வைரஸ். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா கொசுவின் செல்களுக்குள் குடியேறிவிட்டால் டெங்கு, சிக்குன்குனியா, சிகா வைரஸ்கள் அங்கே பெருகத் திணறுகின்றன. வைரஸுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களை இது தனக்கு இழுத்துக்கொள்கிறது, கொசுவின் நோய் எதிர்ப்பையும் உசுப்பிவிடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

1924-ல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவில் இதைக் கண்டார்கள். பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் இது இயற்கையாகவே உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தியிடம் பார்த்து இல்லாமல் போனதுதான் நம் கெட்ட நேரம். அதனால் பழ ஈயிலிருந்து எடுத்து, ஏடிஸ் முட்டைக்குள் நுண்ணிய ஊசியால் செலுத்தினார்கள். அப்படி உருவான கொசுக்களைத்தான் வளர்த்து ஊருக்குள் விடுகிறார்கள்.

கே: ஆண் கொசுவை மட்டும் விட வேண்டும் என்று ஓரிடத்தில் படித்தேன். பெண்ணையும் சேர்த்து விட வேண்டும் என்கிறது இன்னொன்று. எது சரி?

ப: இரண்டும் சரிதான், நோக்கம்தான் வேறு. இது புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பாக்டீரியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரியும், பிள்ளைகளுக்கும் தாய் வழியாகப் பாக்டீரியா வந்துவிடும்.

ஆகவே ஆணை மட்டும் விட்டால் கொசுக் கூட்டம் சுருங்கும். 1967-லேயே லாவன் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ரங்கூன் அருகே ஓக்போ கிராமத்தில் கியூலெக்ஸ் கொசுக்களிடம் இதைச் செய்து காட்டினார். சிங்கப்பூர் 2016 முதல் ஏடிஸில் செய்கிறது. ஆண் கொசு கடிக்காது என்பதால் மக்களிடமும் முணுமுணுப்பு குறைவு. ஆனால் விடுவதை நிறுத்தினால் கொசு மெல்லத் திரும்பிவிடும். பெண் கொசு கலந்துவிடாமல் பிரித்தெடுப்பதும் பெரிய வேலை.

பெண்ணையும் விட்டால் கொசு குறையாது, கொசுவின் குணம் மாறும். சில தலைமுறைகளில் அந்தப் பகுதிக் கொசுக்களில் பெரும்பாலானவற்றில் பாக்டீரியா புகுந்துவிடும். அப்புறம் தானாகவே தொடரும். ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் 2011-ல் ஸ்காட் ஓ'நீல் குழுவினர் இப்படித்தான் தொடங்கினார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12-ல் மட்டும் வாளிகளில் கொசு முட்டைகளை வைத்தார்கள். 2021-ல் வந்த முடிவுப்படி அந்தப் பகுதிகளில் டெங்கு 77% குறைவு. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றியது 86% குறைவு. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் பெரிது.

கே: அந்தக் கொசு கடித்தால் பாக்டீரியா எனக்கு வந்துவிடாதா?

ப: வராது. இது பூச்சி, புழு போன்ற உயிர்களின் செல்லுக்குள்தான் பிழைக்கும். கியூலெக்ஸ் இதைச் சுமந்துகொண்டே காலங்காலமாக நம்மைக் கடித்துக்கொண்டுதானே இருக்கிறது! சுவையான செய்தி ஒன்று: யானைக்கால் புழுவுக்குள்ளும் ஒரு வகை வோல்பாக்கியா உண்டு. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்து அந்தப் பாக்டீரியாவைக் கொன்றால் புழு மலடாகிவிடும்.

கே: இது மரபணு மாற்றிய கொசுவா?

ப: இல்லை. கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை.

கே: எங்குமே தோற்றதில்லையா?

ப: தோற்றிருக்கிறது. கொசுவின் ஆயுளையே குறைக்கும் ஒரு வகையை முதலில் முயன்றார்கள். வைரஸை நன்றாகவே தடுத்தது, ஆனால் கொசுவை ரொம்பவும் பலவீனப்படுத்தியதால் வெளியில் நிலைக்கவில்லை. ரியோ டி ஜெனிரோவில் நடந்தது இன்னும் பெரிய பாடம். அங்கே ஊர்க் கொசுக்கள் பைரெத்ராய்டு என்ற கொசு மருந்துக்குப் பழகியவை. ஆய்வகத்தில் வளர்ந்தவையோ அந்தத் தாங்குதிறனை இழந்திருந்தன. மருந்தடித்ததும் விட்ட கொசுக்கள் செத்தன. ஊர்க் கொசுக்களோடு கலந்து வளர்த்து விட்ட பிறகுதான் நிலைத்தது. வெயிலும் ஒரு பிரச்சினை. பழ ஈயிலிருந்து வந்த வகை கடும் சூட்டில் குறைந்துபோகும். ஆசியப் புலிக் கொசுவிலிருந்து எடுத்த வகை சூட்டை நன்றாகத் தாங்கும்.

கே: அப்படியானால் தண்ணீர்த் தொட்டியை மூட வேண்டாமா?

ப: மூடுங்கள்.

கே: மலேரியாவுக்கு இது உதவுமா?

ப: மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவில் வோல்பாக்கியாவை நிலைநிறுத்துவது கடினமாக இருந்தது, 2013-ல்தான் அதில் ஒரு வகையான ஸ்டீபன்சி கொசுவில் கைகூடியது. என் கவனம் வேறொரு பாக்டீரியா மேல் இருக்கிறது. ஸ்பெயினில் ஒரு மருந்து நிறுவன ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்களுக்கு மலேரியாக் கிருமி ஒட்டவே மாட்டேன் என்றது. ஏன் என்று துருவியதில், கொசுவின் குடலில் டெல்ஃப்டியா என்ற பாக்டீரியா! அது சுரக்கும் ஹார்மேன் என்ற பொருள் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 2023-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒரே குறை, வோல்பாக்கியா போல இது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. சர்க்கரைக் கரைசலில் கலந்தோ கொசுப்புழு வளரும் தண்ணீரில் போட்டோ, ஒவ்வொரு தலைமுறைக்கும் நாமே பரிமாற வேண்டும்.