வாக்கியத்தின் கடைசிச் சொல்

அன்புள்ள ஐயா,

கூட்டம் ஒன்றின் ஒலிப்பதிவில் என் குரலைக் கேட்டேன். மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல இருந்தது. நான் பேசினால் பலரும் ‘என்ன சொன்னீங்க?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். இப்போது குரலைக் கனமாக்கிப் பேசிப் பழகுகிறேன். மாலைக்குள் தொண்டை வலிக்கிறது. குரலை மாற்ற முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தக் கனத்த குரலை விட்டுவிடுங்கள். இயல்பான சுருதியைக் குரல்நாண்களின் நீளமும் தடிமனும் தீர்மானிக்கின்றன. தொண்டையை இறுக்கி அதைக் கீழே இறக்கினால் வலிதான் மிஞ்சும்.

நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பின் வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. எலும்பு வழியாக வரும் ஒலியில் கனம் அதிகம். பதிவில் அந்தப் பங்கு இருக்காது. அதனால்தான் யாருக்குமே தன் குரல் பதிவில் மெலிந்து கேட்கிறது. மற்றவர்களுக்கு அது பழகிய குரல்தான்.

மூக்கால் பேசுகிறீர்களா என்று நீங்களே சோதிக்கலாம். ‘அவர் ஊருக்குப் போய்விட்டார்’ என்று ஒருமுறை சாதாரணமாகவும், ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டும் சொல்லுங்கள். இதில் மூக்கு வழியாக ஒலிக்கும் மெல்லின எழுத்தே கிடையாது. இரண்டு முறையும் ஒன்றுபோலக் கேட்டால் காற்று மூக்கு வழியாகக் கசியவில்லை என்று அர்த்தம்.

சரி, ஏன் திருப்பிக் கேட்கிறார்கள்? அந்தப் பதிவை மறுபடி போட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் மூச்சு தீர்ந்து, குரல் கரகரத்து அடங்குகிறது. தமிழிலோ வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். முடித்துவிட்டோமா, முடிக்கவில்லையா, முடிப்போமா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டால் கேட்பவர் என்ன செய்வார்?

ஆகவே பழக வேண்டியது மூச்சு. தோள் உயராமல், கீழ் விலாவும் வயிறும் விரியும்படி காற்றை இழுங்கள். தினமும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு தீருமுன்பே நிறுத்தி, அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லுக்குக் கொடுத்த பலத்தைக் கடைசிச் சொல்லுக்கும் கொடுங்கள். ஆரம்பத்தில் செயற்கையாகத் தெரியும், பரவாயில்லை. நிறுத்திப் பேசினால் தயங்குகிறோம் என்று நினைப்பார்களோ என்ற பயம்தான் பலரையும் ஒரே மூச்சில் ஓட வைக்கிறது. கேட்பவர்களுக்கு அந்த இடைவெளி தேவை.

பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் ஒன்றும் நல்லது. ஸ்ட்ராவை உதடுகளால் மூடிப் பிடித்து, அதன் வழியாக ‘ஊ’ என்று மெதுவாக ஒலியெழுப்பிச் சுருதியை ஏற்றி இறக்குங்கள். உள்ளே திரும்பி அழுத்தும் காற்று, நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர உதவுகிறது. பேசப் போகுமுன் இரண்டு நிமிடம் செய்தால் போதும்.

அப்புறம், அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். கனத்த குரலை விட்ட பிறகும் வலி தொடர்ந்தாலோ, குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.