கார்புரேட்டரை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்களுக்குத் தோப்பு இருக்கிறது. ஐயா காலத்து சாம்பல் நிற ஃபெர்குசன், பெட்ரோல் டிராக்டர், பல வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. நிறுத்தி வைத்தால் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டுகிறது. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். காரைக்குடியில் ஒருவர், பழையதைக் கொடுத்தால் புதியது தருகிறேன் என்கிறார். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது டி.இ.20 மாடல். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்த வண்டி. அதில் இருக்கும் ஜெனித் கார்புரேட்டர் லேசில் வீணாகிற பொருள் இல்லை.

முதலில் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, குத்திவிட்டால் சரி. அப்படியும் நின்றால் டேங்குக்குக் கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் செம்மண் போலத் துரு தங்கியிருந்தால் டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்தாலும் பிரயோஜனம் இல்லை.

சொட்டுவது தனிக் கதை. டேங்க் மேலே இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்குகிறது. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஃப்ளோட் என்கிற மிதவை மிதந்து, ஊசி வால்வை மூடினால்தான் அது நிற்கும். ஊசியின் முனையில் தேய்மானமோ தூசியோ இருந்தால் மூடாது. ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. அடுப்பிலிருந்து தள்ளிவைத்து, வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு ஈயப்பற்று வைக்க வேண்டும். வடிக்காமல் சூடு காட்டினால் வெடிக்கும். ஊசியோடு, அது வந்து உட்காரும் இருக்கையையும் சேர்த்தே மாற்றுங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள வாஷரின் தடிமன் மாறக்கூடாது, மாறினால் பெட்ரோல் மட்டமும் மாறிவிடும். பெட்ரோல் பாயும் சின்னத் துளைகளான ஜெட்களைக் கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள். தூண்டில் நரம்பும் காற்றும் போதும்.

இப்போது அந்தக் காரைக்குடி ஆளுக்கு வருகிறேன். கதவும் நிலையும் தேக்குத் தூணும் நம் செட்டிநாட்டு வீடுகளை விட்டுப் பழம்பொருள் வியாபாரிகள் கைக்கு எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும். இதுவும் அதே கணக்குதான். பழைய வண்டி சேகரிப்பவர்கள் அசல் கார்புரேட்டருக்கு நல்ல விலை தருவார்கள். உங்களுக்கு வருவது வேறு ஏதோ எஞ்சினுக்குச் செய்த, ஜெட் அளவு ஒத்துவராத சரக்கு. அது பொருந்தவில்லை என்றால் ‘எஞ்சினே போச்சு’ என்பார்கள். பட்டறையில் கொடுத்தால் பக்கத்தில் நின்று பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும், தேய்ந்த ஊசி உட்பட, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘ரிப்பேர் கிட்’ என்று பையில் தருவதில் பாதி, வாஷர் கூட உட்காராத ரகம்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் குழாயையும் கார்க் கேஸ்கெட்டையும் ஊறவைத்துக் கெடுக்கும். கலக்குவதற்கு முன் இந்த மாதிரி வண்டிகளை வைத்திருப்பவனை யாரும் நினைக்கவில்லை, நினைக்கப்போவதும் இல்லை. குழாயை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றுங்கள். வேலை முடிந்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் திருகை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் சொன்னது மாறும். டேங்கில் பெட்ரோலுக்கென்று சின்ன அறை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுடையது சீமெண்ணெய் வண்டி: பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடானபின் சீமெண்ணெய்க்கு மாற்ற வேண்டியது. சூடாகும் முன் மாற்றினால் எண்ணெய் ஆவியாகாமல் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் தெரியும். வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். சாயங்காலம் நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கார்புரேட்டரில் சீமெண்ணெய் தங்கி மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது. அப்போதும் மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றத்தான் சொல்வார்.