நோட்ஸ் கேக்கிற பிள்ளைகளும் சிங்காரத்தோட புயலும்

வணக்கம் சார். குமரி மாவட்டம் நித்திரவிளை பக்கம் ஒரு ஸ்கூல்ல பத்தாங்கிளாஸுக்குத் தமிழ் எடுக்கேன், பேர் போட வேண்டாம். செய்யுளும் இலக்கணமும் எப்படியோ ஓடிருது. 'புயலிலே ஒரு தோணி' மாதிரி விரிவானம் வந்தா மட்டும் "டீச்சர் கதை வேண்டாம், கொஸ்டின் ஆன்ஸர் தாங்க"ன்னு கேக்கானுவ. பாதிப்பேரு கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைய, மீதி ரப்பர் வெட்டுற வீடு. படிக்க இஷ்டமே இல்லாதவனுக்கு நவீன இலக்கியத்த எப்படி சார் சொல்லிக் குடுக்க?

அன்புள்ள டீச்சர்,

நோட்ஸ் கேக்கவன் மக்கு இல்ல, கணக்குத் தெரிஞ்சவன். கதைக்குள்ள போகாமலே முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரைன்னு போட்டா எட்டு மார்க் கேள்விக்கு மார்க் விழுந்திரும்னு கண்டுபிடிச்சுட்டான், பிறகு எதுக்கு மெனக்கெட்டு படிக்கணும்? அவனுக்கு இலக்கியம் பிடிக்கலன்னு நாம சொல்லுதோம், அவன் இன்னும் அதப் பாக்கவே இல்லயே.

நான் சொல்லுறது ஒண்ணுதான். எழுத்தாளர் என்ன கருத்து சொல்ல வாறாருன்னு கேக்காதீங்க. இந்த ஆளு சரியாத்தான் எழுதியிருக்காரான்னு பாத்துச் சொல்லுங்கலேன்னு அவனுவ கைல குடுத்துருங்க.

'புயலிலே ஒரு தோணி' எழுதின ப. சிங்காரம் கடக்கரைக்காரர் இல்ல. சிங்கம்புணரில பொறந்து சின்ன வயசுல இந்தோனேசியாவுல உள்ள மேடானுக்கு வேலைக்குப் போனவரு, அந்த நாவல் வந்தது 1972ல. அவரு எழுதுன புயல் ஒத்துக்கிறாப்ல இருக்கான்னு சொல்ல உங்க கிளாஸ் கடைசி பெஞ்சுக்காரனை விட்டா வேற யாரு? நானா? நான் தோவாளைப் பக்கம், எனக்குக் கடல்னா கன்னியாகுமரில கால் நனைக்கதுதான். புஸ்தகத்த மூடச் சொல்லிட்டு நீங்க சத்தமா வாசிங்க, காத்து வலுக்குற இடத்துல நிப்பாட்டிட்டு, இப்ப அணியத்துல, அதான் தோணியோட முன்பக்கம், நிக்கவன் என்னடே செய்யணும், அலைக்குக் குறுக்க விடலாமான்னு கேளுங்க. "கவுந்திரும் டீச்சர்"னு ஒருத்தன் சொல்லுவான், இல்ல அப்படி இல்லன்னு இன்னொருத்தன் எந்திரிப்பான், ரெண்டுபேரும் அடிச்சுக்கிட்டு நிக்கும்போது அடுத்த பாராவ வாசிங்க. அதுல சிங்காரம் தோத்தாலும் பரவாயில்ல, பிள்ள கேட்டுக்கிட்டு இருப்பான்.

ஆனா ஒண்ணு. 2017 நவம்பர் 30ஐ உங்க பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ஒக்கி புயல்ல போன ஆளு திரும்பாத வீடு எத்தன. வாசிக்கதுக்கு முன்னால யாரு வீட்ல என்ன நடந்ததுன்னு கிளாஸ் டீச்சர்ட்ட தனியா கேட்டு வச்சுக்கிடுங்க. அப்படி ஒரு பிள்ள இருந்தா அவன்ட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, கேள்வி அவன்பக்கம் போக வேண்டாம், அவனா பேசினா பேசட்டும்.

நம்ம ஊரு எழுத்துன்னா பிள்ளைய உடனே ஒட்டிக்கும்னு நெறய பேரு சொல்லுதாங்க, அதெல்லாம் அப்படி லேசுல நடக்காது. உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற தேங்காப்பட்டணத்துக்காரரு தோப்பில் முகமது மீரான், அவரு கதையில ரெண்டு பக்கம் கிளாஸ்ல வாசிச்சுப் பாருங்க, மொதல்ல சிரிப்புதான் வரும். கேலி இல்ல, கூச்சம். ஒண்ணாங்கிளாஸ்லருந்து வீட்டுப் பேச்ச எழுதினா செவப்பு மையில சுழிச்சுத்தானே குடுத்திருக்கோம், இப்ப அதே பேச்சு அச்சுல வந்து டீச்சர் வாயாலயும் வந்தா பின்ன அவன் என்ன செய்வான். சிரிக்க விடுங்க. நீங்க தப்பா உச்சரிச்சா திருத்தவும் விடுங்க, அந்த இடத்துலதான் மொதல் தடவையா ஒருத்தன் புஸ்தகத்த எட்டிப் பாப்பான்.

பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனோட 'புத்தம் வீடு', 1964ல வந்தது, நம்ம மாவட்டத்துப் பனையேறிகளும் பனைவிளை வீடுகளும் உள்ள நாவல். முழுசா வேண்டாம். கதாநாயகி லிஸி படிப்ப நிப்பாட்டிட்டு வீட்டோட அடைஞ்சு கிடக்க இடம் மட்டும் பத்து நிமிஷம் போதும். ரப்பர் வெட்டுற வீட்டுப் பையன் விடியக்காலைல அப்பாகூட பால் எடுக்கப் போயிட்டு வந்து கிளாஸ்ல தூங்கி விழுறான்னா அது இலக்கியப் பிரச்சின இல்ல டீச்சர், தூங்கட்டும்.

நோட்ஸ் குடுக்காம இருக்காதீங்க, பப்ளிக் எக்ஸாம் இருக்கு, பிள்ளைகளோட மார்க்ல நம்ம கொள்கைய ஏத்தக் கூடாது. ஆனா ரெண்டு பீரியட் கதைக்குப் போன பிறகு மூணாவது பீரியட்ல குடுங்க. ஹெச்எம் வந்து ஏன் இம்புட்டுச் சத்தம்னு கேட்டா விரிவானம் நடத்துதேன்னு சொல்லுங்க, பொய்யும் இல்லயே.