வட்டம் சுற்றுகிறது, படம் நகரவில்லை: கேள்வி பதில்

படம் நடுவில் நின்று வட்டம் சுற்றுகிறது என்று, டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்துப் படம் பார்க்கும் நம் மலையகத்துக்காரர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஹட்டன்: படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளில் கேஷ் எவ்வளவு வைக்கலாம் அண்ணா? ரேம் 4 ஜிபி.

கேஷ் என்றால் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் இடம். கோடியில் வழக்கமாக இருப்பது 20 எம்பி. நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 எம்பி, கேட்கும் படத்துக்கு அது 20 நொடி இருப்பு. நம் பக்கம் 4ஜி விழுந்து எழும்புவதற்கு அது பத்தாது. 100 வையுங்கள் தம்பி, 100 நொடி கையில் இருக்கும். பழைய பதிப்புகள் கொடுத்த அளவைப்போல மூன்று மடங்கு ரேம் பிடிக்கும். 100 என்றால் 300. உங்கள் மெஷின் அதைத் தாங்கும், 500 வைத்தால் திணறும். 2024இல் வந்த 21ஆம் பதிப்பு என்றால் செட்டிங்ஸில் சர்வீசஸ், அதற்குள் கேஷிங். அதற்கு முந்தியது என்றால் அட்வான்ஸ்ட்செட்டிங்ஸ் என்ற கோப்பை நாமே எழுதி வைக்க வேண்டும்.

தலவாக்கலை: பிரவுசரில் கேஷ் கிளியர் பண்ணினால் யூடியூப் வேகமாகுமா?

ஆகாது. கோடியில் மாற்றுவதும் பிரவுசரில் ஓடும் யூடியூபைத் தொடாது.

அப்புத்தளை: வட்டம் வருவதில்லை, ஆனால் யூடியூபில் 4கே படம் திக்கித் திக்கி ஓடுகிறது. ப்ராசஸர் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5.

உங்கள் லைனில் குற்றமில்லை. வீடியோ மீது வலது கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸைத் திறந்து பாருங்கள். பஃபர் ஹெல்த் (இறக்கி வைத்த இருப்பு) நிறைய இருந்தும் ட்ராப்ட் ஃப்ரேம்ஸ் (காட்டாமல் விட்ட காட்சிகள்) ஏறிக்கொண்டே போனால் ப்ராசஸரால் முடியவில்லை என்று அர்த்தம். யூடியூப் படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் விபி9, ஏவி1. விபி9 படத்தை முழுமையாக வன்பொருளிலேயே விரிக்கும் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1க்குப் பதினோராவது. 1080பிக்கு இறக்கிப் பாருங்கள்.

பண்டாரவளை: பெரிய கேஷ் வீண் என்று முன்பு சொன்னீர்கள். நான் 500 எம்பி வைத்தேன், சரியாகிவிட்டது.

சந்தோஷம். ஆனால் சரியானதன் காரணம் வேறு. பீலியில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் பீப்பாய் உதவும். நூலாக வந்தால் எவ்வளவு பெரிய பீப்பாய் வைத்தும் ஆவதில்லை. படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும், லைனில் 3தான் வருகிறது என்று வையுங்கள். 500 எம்பி நிரம்ப 22 நிமிடம் படத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அப்புறம் 33 நிமிடம் ஓடும், மறுபடி வட்டம். உங்கள் லைனில் சராசரி போதுமானது, இடையிடையே மட்டும் விழுகிறது. அதனால்தான் பலித்தது.

பதுளை: பண்டாரவளை அண்ணன் சொல்வதுதான் சரி, எனக்கும் பலித்தது.

இரவு எட்டு மணிக்கு, ஊரே பார்க்கும் நேரத்தில் லைனை அளந்து பாருங்கள். அந்த எண்ணை எழுதி அனுப்பினால் பேசலாம். விடியற்காலை அளந்த எண் வேண்டாம்.

மஸ்கெலியா: லயத்து வீட்டில் ரவுட்டரை எங்கே வைப்பது?

இதுதான் நான் காத்திருந்த கேள்வி! உங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் 4ஜி ரவுட்டர் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. மேலே தகரக் கூரை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் ஆர்எஸ்ஆர்பி, அதாவது சிக்னல் பலம், மைனஸ் 112 என்று காட்டியது. பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது. இஸ்தோப்பு (முன் விறாந்தை) ஜன்னலுக்கு, டவர் இருக்கும் மலையைப் பார்க்க மாற்றியதும் மைனஸ் 96. ஒரு சதமும் செலவில்லை. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுங்கள். கேபிளுக்கு வழியே இல்லையென்றால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியானதை எடுங்கள்.

ஒன்று மறக்கக் கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தால் கரண்ட் பிளக்கையும் டெலிபோன் வயரையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ஒரே ஒரு இடியில் ரவுட்டர், மதர்போர்ட், டிவி மூன்றும் போன வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

நுவரெலியா: எந்த சிம் நல்லது?

மலைக்கு மலை மாறும். பக்கத்து வீட்டில் எது நன்றாக ஓடுகிறதோ அது.

வட்டவளை: கேஷ் கிளியர் பண்ணினால்...

தலவாக்கலைக்குச் சொன்னதுதான்.

பொகவந்தலாவை: கேஷ் கிளியர் பண்ணியும் வட்டம் சுற்றுகிறது. நேற்று இடியும் நல்லா விழுந்தது.

கேஷை விடுங்கள். வயரைக் கழற்றினீர்களா இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.