தோற்றது டீம், கலாய்ப்பது என்னையா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 26. தருமபுரியில் செல்போன் கடையில் வேலை. பள்ளி நாட்களிலிருந்தே இங்கிலாந்துக் கால்பந்து அணியான ஆர்சனலின் ரசிகன். பென்னாகரம் ரோட்டில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் சேர்ந்து மேட்ச் பார்ப்போம். மற்றவர்கள் எல்லாம் மான்செஸ்டர் யுனைடெட். ஆர்சனல் தோற்றதும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். "ரெஃப்ரி சரியில்ல" என்றால் போச்சு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரிப்பு. 2025 ஜனவரியில் நியூகாசிலிடம் 0-2 தோற்றபோது கோச் ஆர்டெட்டா பந்தைப் பற்றிக் குறை சொன்னார். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் "பந்து சரியில்லையா மச்சி?"

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். குரூப் 4 தேர்வு கொஞ்ச மார்க்கில் கைவிட்டுப் போனது. அதற்கும் பள்ளித் தோழன் ஒருவன் எல்லோர் முன்னாலும் அதையே கேட்டான். மாடியே சிரித்தது. அதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. இவர்களை விட்டு விலகிவிடலாமா?

- பெயர் வேண்டாம், தருமபுரி

அன்புத் தம்பி,

நீங்கள் வேண்டுமென்று சாக்குச் சொல்லவில்லை. உங்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. 1951-ல் அமெரிக்காவில் டார்ட்மவுத், பிரின்ஸ்டன் அணிகள் முரட்டுத்தனமாக மோதின. அது அவர்கள் ஊர்க் கால்பந்து. அந்த மேட்சின் படத்தை ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற உளவியலாளர்கள் இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மவுத் செய்த தப்பாட்டங்களை டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைவிட இரு மடங்குக்கும் மேலாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படம் ஒன்றுதான்.

உங்கள் நண்பர்களின் டீமும் விதிவிலக்கல்ல. 1996-ல் சவுத்தாம்ப்டனிடம் இடைவேளையில் 0-3 பின்தங்கிய யுனைடெட், சாம்பல் நிறச் சட்டையில் ஒருவரையொருவர் சரியாகத் தெரியவில்லை என்று சட்டையையே மாற்றிக்கொண்டு இறங்கியது. அப்படியும் 1-3 தோல்வி. அடுத்த மேட்ச் அன்று தாராளமாக எடுத்து விடுங்கள். மாடியில் நடக்கும் இந்த வம்பு நட்பின் ஒரு பகுதி, அதை இழக்க வேண்டாம்.

தேர்வு விஷயம் வேறு. ஆர்சனல் தோற்பதில் உங்கள் கை எதுவுமில்லை. தேர்வுக்கு ராத்திரி ராத்திரியாகப் படித்தது நீங்கள். அந்தத் தோழன் இரண்டையும் ஒரே சிரிப்பில் கலந்ததுதான் காயம். அவருக்கு அது உறைத்திருக்காது என்றே நினைக்கிறேன். மாடியில் சொன்னால் அதுவும் கேலியாகிவிடும். மேட்ச் இல்லாத நாளில் தனியாக டீக்கடைக்குக் கூப்பிடுங்கள். "ஆர்சனலை எவ்வளவு வேணா ஓட்டுடா, பரீட்சையைத் தொடாத, வலிக்குது" என்று நேராகச் சொல்லுங்கள். "வலிக்குது" என்பதை விழுங்கிவிடாதீர்கள்.

அதன் பிறகும் தொடர்ந்தால் அவருடன் மேட்ச் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். மற்றவர்களை விட வேண்டியதில்லை. தூக்கம் திரும்பாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள், அது அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.